வீட்டோடு மாப்பிள்ளைகளின் ஊர்: உடோன் தானி நாட்குறிப்பு

ஜனவரி 11, ஞாயிறு. பாங்காக்

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் வெளிநாட்டவர் என்றால் பட்டாயா, புக்கெட், சியாங் மாய் என்றுதான் நினைப்போம். கடலோ மலையோ இருக்கிற ஊர்கள். ஆனால் இசான் என்று அழைக்கப்படும் வடகிழக்கு மாகாணங்களில், நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் சாதாரணக் கிராமங்களில், ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் ஆஸ்திரேலியரும் அமெரிக்கரும் ஆயிரக்கணக்கில் குடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் நண்பர். அவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போடுகிறேன்.

சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் நான் வேலை பார்த்தபோது அவர் எங்கள் பிரிவின் பொறியாளர். இங்கிலாந்தின் வடகிழக்கில், கப்பல் கட்டும் தொழில் நொடித்துப்போன ஊரிலிருந்து வந்தவர். இப்போது வயது 72. அவர் மனைவிக்குச் சொந்த ஊர் உடோன் தானி மாகாணம். பீச் ரோட்டின் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ், 2023இல் மூடப்படும்வரை சிங்கப்பூரின் குட்டித் தாய்லாந்தாக இருந்தது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் நண்பரின் மனைவி சமைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் இசானிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் நிறைந்திருப்பார்கள். காரசாரமாக ஏதாவது வேண்டும் என்று நாங்கள் சில தமிழ்ப் பையன்களும் போய் உட்காருவோம். அப்போதிருந்து எனக்கு அவர் அக்கா.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்களும் உலவுகின்றன, அவற்றை நம்ப வேண்டாம்.

இரவு ரயிலுக்காகக் குருங் தேப் அபிவாட் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 2023 ஜனவரியிலிருந்து வடக்கு, வடகிழக்கு, தெற்கு நெடுந்தூர ரயில்கள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. உடோன் தானி ஏறக்குறைய 560 கிலோமீட்டர். விடியும்போது இறங்கலாம்.

ஜனவரி 12, திங்கள். கிராமம்

உடோன் ரயில் நிலையத்தில் அக்காவின் அக்கா மகள் பிக்கப் வண்டியோடு காத்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கும்பவாபி பக்கமாகத் தெற்கே போய், நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, கரும்புக்காட்டுக்கு நடுவே ஒரு தார்ச்சாலை. ஊர் அதன் முடிவில்.

குளிர் என்னை அசத்திவிட்டது. தாய்லாந்து என்றால் வியர்வை என்று நினைத்து வந்தவனுக்கு இசானின் ஜனவரிக் காலை வேறு மாதிரி. எல்லோரும் ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, வாசலில் சுள்ளி மூட்டிக் குளிர்காய்கிறார்கள். அந்தக் கணப்பிலேயே பசையரிசிச் சோற்றை அடை மாதிரித் தட்டி, உப்பு போட்டு, மேலே முட்டை தடவிச் சுடுகிறார்கள். காவ் சீ என்று பெயர். குளிர்காலத்துத் தின்பண்டம். சுடச்சுடக் கையில் வாங்கித் தின்றதுதான் இந்த ஊரில் என் முதல் சாப்பாடு.

ஊர் விழித்தெழுவது ஒலிபெருக்கியில். ஆறு மணி வாக்கில் ஊர்த்தலைவர் தம் வீட்டிலிருந்தபடியே பேசத் தொடங்குகிறார். முதலில் ஒரு பாட்டு, அப்புறம் அறிவிப்புகள்: குழாயில் தண்ணீர் எப்போது வராது, கோயிலில் என்ன விசேஷம், யார் வீட்டில் சாவு. பிறகு பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருகிறார்கள். பெண்கள் வாசலில் மண்டியிட்டு மூங்கில் கூடையிலிருந்து ஆளுக்கொரு பிடி பசையரிசிச் சோற்றைப் பாத்திரத்தில் இடுகிறார்கள். குழம்பு, கறி வகைகளைப் பின்னால் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அக்காவுக்குப் பக்கத்தில் நண்பரும் மண்டியிட்டிருந்தார். முழங்கால் தேய்ந்திருப்பதால் அவருக்கு மட்டும் ஒரு சின்ன முக்காலி. அவர் பௌத்தராக மாறவில்லை. ஆனால் ஒரு நாள்கூட இதைத் தவறவிடுவதில்லை என்கிறார் அக்கா.

ஏழரை மணிக்கு நடமாடும் காய்கறிக் கடை வந்தது. ஒரு பிக்கப் வண்டி, நாலு பக்கமும் கம்பிகளில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள் தொங்குகின்றன. மிளகாய், பச்சைப் பப்பாளி, காளான், உயிரோடு தவளை, கெளுத்தி, வெட்டிய கோழி. பெரும்பாலான பைகள் பத்து, இருபது பாத். ஒரு பாத் நம் காசுக்கு மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஊர்ப் பெண்கள் மொத்தமும் அங்கே கூடி அரை மணி நேரம் பேசுகிறார்கள். நண்பர் வாங்கியது ஒரு கட்டு வெங்காயத்தாள். பேசியது இருபது நிமிடம். பாங்காக்கில் பேசும் தாய்லாந்து மொழியை அவர் திணறித்தான் பேசுவார். ஆனால் இந்த ஊர்ப் பேச்சு, லாவோ மொழியோடு ஒட்டிய இசான் பேச்சு, அவர் நாக்கில் நன்றாகவே ஓடுகிறது.

மதியம் பப்பாளிச் சாலட்டும் பசையரிசிச் சோறும் சுட்ட கோழியும். சாலட்டில் பிளா ரா ஊற்றினார் அக்கா. ஆற்று மீனை உப்பும் தவிடும் சேர்த்து மாதக்கணக்கில் ஜாடியில் ஊறவைத்து எடுப்பது. கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த எனக்கு அந்த வாசனை சொந்த வீட்டு வாசனையாகத்தான் இருந்தது. இரண்டு முறை கேட்டு வாங்கினேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 13, செவ்வாய். கிராமம்

இன்று முழுக்க வீட்டிலேயே இருந்தேன். எழுத நிறைய இருக்கிறது.

நண்பர் இங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். மலிவான ஊர் தேடி வந்தார், வெயிலுக்காக வந்தார் என்றெல்லாம் நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை வேறு. 2014இல் அக்காவின் அப்பா இறந்தார். அம்மா தனியாகிவிட்டார். இசானில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மூத்த பெண்கள் சில வருஷத்தில் அதே வளவிலோ பக்கத்திலோ தனி வீடு கட்டிக்கொண்டு போவார்கள். கடைசிப் பெண் மட்டும் பெற்றோரோடு தங்கிக் கடைசிவரை பார்த்துக்கொள்வாள். வீடும் அவளுக்கே சேரும். அக்கா கடைசிப் பெண். கடையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். கூடவே புருஷனும் வந்தார்.

நம்மூரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்த ஆளுக்குச் சபையில் குரல் இருக்காது. இங்கே வழக்கமே அதுதான். தெருவில் இருக்கிற வயதான ஆண்களில் பாதிப்பேர் வேறு ஊரிலிருந்து பெண் வீட்டுக்கு வந்தவர்கள். நிலமும் வீடும் பெண் வழியில் போகின்றன, ஆண்கள் வெளியிலிருந்து வந்து சேர்கிறார்கள். அடுத்த மாவட்டத்திலிருந்து வந்தவருக்கு ஊரில் என்ன இடமோ, அதே இடம் இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கும். இத்தனை வெளிநாட்டு ஆண்கள் இந்தக் கிராமங்களில் வேரூன்ற முடிந்ததற்குப் பணத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்து சேரும் ஆணுக்கு என்று ஒரு இடத்தை ஊர் முன்பே வைத்திருக்கிறது.

அந்த இடத்துக்குக் கடமைகளும் உண்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் பெற்றோருக்குப் பரிசப் பணம் கொடுக்க வேண்டும். மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மாமியாருக்கு, எல்லோருக்கும் பாட்டி, இப்போது 88 வயது. கீழ்த்தளத்தில் அவருக்கு அறை. குளியலறையில் கைப்பிடிக் கம்பிகள், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அழைப்புமணி, வாசலில் சாய்தளம் எல்லாம் நண்பர் தம் கையால் செய்தவை. பாட்டி அவரை வேலை ஏவுவதைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது கேட்கிறார். அவரும் எழுந்து போகிறார்.

வழக்கம் ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம். தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடங்களில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம்வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம், கிராமத்தில் அதற்கு வேலை இல்லை. பழைய மரவீட்டையொட்டி இருந்த மனையை வாங்கியபோது அது அக்கா பெயரில்தான் பதிவானது. நிலப் பதிவு அலுவலகத்தில் நண்பரும் உட்கார்ந்து, இந்தப் பணம் மனைவியின் தனிச் சொத்து, எனக்கு இதில் உரிமை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளிநாட்டுக் கணவர்கள் எல்லோரும் போடும் கையெழுத்து அது. பிறகு ஆயுள்வரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை மட்டும் பத்திரத்தின் பின்பக்கத்தில் பதிந்து வைத்திருக்கிறார். மனைவி முதலில் போய்விட்டால் நிலம் வாரிசாக அவருக்கு வரலாம், ஆனால் ஓராண்டுக்குள் விற்றுவிட வேண்டும்.

“பயமாக இல்லையா?” என்று கேட்டேன். என்னிடம் இருபது வருஷம் வேலை வாங்கிய மனிதர், யோசிக்காமல் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. கடைசியில் சொன்னார்: “திரும்பக் கேட்க நினைக்கும் பணத்தை இங்கே போடக்கூடாது. கொடுத்துவிட்டோம் என்று போட வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் கசந்துபோய் ஊர் திரும்புகிறார்கள்.”

அவர் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. இங்கே வந்து நொந்துபோன வெளிநாட்டவர் கதைகள் ஏராளம். பெரிய வீடு, கார், உறவுக்காரருக்குக் கடன், கடைசியில் சண்டை. எல்லாக் கதையிலும் பெண் வீட்டாரைத்தான் குற்றம் சொல்வார்கள். எனக்கு அது முழுசாக ஏற்கவில்லை. பெற்றவர்களைக் காப்பாற்றும் பொறுப்பு மகளுக்கு என்று ஊர் வைத்திருக்கும்போது, அந்த மகளைக் கட்டியவர் அதை அறியாமல் கட்டக்கூடாது.

வீட்டுச் சுவரோரம் ஆளுயரச் சிமெண்ட் ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. 1980களில் மழைநீர் சேமிக்க அரசும் ஊர்மக்களும் சேர்ந்து இசான் முழுக்கச் செய்து வைத்தவை, சிலது 2,000 லிட்டர் பிடிக்கும். பாட்டி இன்றும் குடிப்பது கூரையிலிருந்து இறங்கும் அந்த மழைநீரைத்தான். பித்தளைக் குழாய்களும் வடிகட்டிகளும் நண்பரின் உபயம். ஓய்வுக்கால விசாவில் இருப்பவர் இந்த நாட்டில் வேலை செய்யக்கூடாது, அதனால் அவர் திறமை முழுவதும் வீட்டுக்குள்ளேயே செலவாகிறது. அந்தக் குழாய் வேலையை மட்டும் பார்த்தாலே தெரியும், கப்பலுக்குச் செய்த அதே சுத்தம்.

ஜனவரி 14, புதன். உடோன் நகரம்

இங்கே நீண்டகாலம் தங்கும் வெளிநாட்டவர் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குத் தம் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 2,000 பாத் அபராதம். தபாலிலோ இணையத்திலோ செய்யலாம். நண்பர் நேரில் போவதையே விரும்புகிறார். இன்று அந்த நாள். நானும் ஒட்டிக்கொண்டேன். நான் வந்த அன்றே இன்னொரு அறிவிப்பும் போயிருந்தது: வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அக்கா அதைக் கைபேசியில் முடித்துவிட்டார்.

காத்திருந்த நேரத்தில் மற்ற கணக்குகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐம்பது வயது கடந்தவர் ஓய்வுக்காகத் தங்க வேண்டுமானால் தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாத் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். ஆண்டுக்கொருமுறை நீட்டிப்பு, கட்டணம் 1,900 பாத். வைப்புத் தொகை விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, கிடைத்தபின் மூன்று மாதம்வரை அசையக்கூடாது. மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. தாய்லாந்துப் பெண்ணை மணந்தவருக்கு 4 லட்சமே போதும் என்று இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் அதில் காகிதமும் விசாரணையும் அதிகம். நண்பர் முதல் வழியிலேயே இருக்கிறார். முன்பெல்லாம் வருமானத்துக்குத் தூதரகம் கடிதம் கொடுத்துவந்தது. பிரிட்டிஷ் தூதரகம் 2019 தொடக்கத்திலிருந்து அதை நிறுத்திவிட்டது. அந்த ஆண்டு பலர் தூக்கமில்லாமல் தவித்தார்களாம்.

வேலை சீக்கிரமே முடிந்தது. பாஸ்போர்ட்டில் அடுத்த தேதிச் சீட்டைக் குத்திக் கொடுத்தார்கள். அவர் நேரில் வர விரும்புவது ஏன் என்று அதற்கப்புறம்தான் புரிந்தது. வாசலில் ஒரு கூட்டமே நின்றது. பெரும்பாலும் அறுபது, எழுபது வயது ஆண்கள். இரண்டு பேர் கைத்தடியோடு. எல்லோரும் சேர்ந்து நொங் பிரச்சக் ஏரிக்கரையில் ஒரு வியட்நாமியச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஏரியில் பெரிய மஞ்சள் வாத்துப் பொம்மைகள் மிதக்கின்றன, குழந்தைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஏரியின் பெயர் இளவரசர் பிரச்சக் நினைவாக. 1893இல் பிரான்சோடு செய்த ஒப்பந்தத்தால் மீகாங் நதியிலிருந்து 25 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டியிருந்த சயாம், அவர் தலைமையில் இங்கே வந்து உண்டாக்கிய ஊர்தான் உடோன்.

வந்தேறிகளுக்கு இந்த ஊர் பழக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சிக்குத் தப்பிவந்த வியட்நாமியர் இங்கே குடியேறினார்கள். ஹோ சி மின் 1920களின் கடைசியில் மறைந்து வாழ்ந்த கிராமம் நகருக்குப் பக்கத்தில்தான். அப்புறம் வியட்நாம் போர்க்காலத்தில், 1976வரை, அமெரிக்க விமானப்படை இங்கே தளம் வைத்திருந்தது. வெளிநாட்டு ஆணை மணக்கும் வழக்கம் அந்த நாட்களில்தான் இந்தப் பக்கம் பரவத் தொடங்கியது.

சாப்பாட்டு மேசையில் பேச்சு முழுக்க இரண்டு விஷயம். ஒன்று வரி. 2024 ஜனவரி முதல், ஆண்டில் 180 நாள் தாய்லாந்தில் தங்குகிறவர் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அதற்கு இங்கே வரி உண்டு. எந்த ஓய்வூதியம் இதில் சேரும், எது சேராது என்று ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒவ்வொரு கணக்கு.

இன்னொன்று ஆங்கிலேயர்களின் குறை, எனக்கு நிஜமாகவே மனம் கனத்தது. 2018இல் நண்பருக்கு 65 நிறைந்தபோது பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியத்தின் முழுத்தொகை வாரம் 164.35 பவுண்டு. வெளிநாட்டில் இருந்த வருஷங்களுக்கும் சந்தா கட்டி முழுத்தொகைக்குத் தகுதி பெற்றிருந்தார். 2025-26இல் இங்கிலாந்தில் இருப்பவருக்கு அது 230.25 பவுண்டு. அவருக்கு இன்னும் அதே 164.35. தாய்லாந்தில் குடியேறியவருக்கு ஆண்டு உயர்வு கிடையாது. பிலிப்பைன்ஸில் குடியேறியிருந்தால் உண்டு, ஏனென்றால் அந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறது. ஒரே தளத்தில் வேலை பார்த்து ஒரே சந்தா கட்டிய இரண்டு பேருக்கு, எந்த நாட்டில் மூப்படைகிறார்கள் என்பதை வைத்து வேறு வேறு தொகை. என்ன காரணம் சொன்னாலும் இது அநியாயம்தான். கம்பெனி ஓய்வூதியம் கொஞ்சம் வருவதால் நண்பர் தாக்குப்பிடிக்கிறார். மேசையில் இருந்த ஒருவருக்கு அதுவும் இல்லை, மிளகாய்த் தோட்டத்தில் மனைவி சம்பாதிப்பதில்தான் வீடு நடக்கிறது.

ஜனவரி 15, வியாழன். கும்பவாபி ஏரி

பொங்கல். விடியுமுன்பே பான் டியம் படகுத்துறைக்குப் போய்விட்டோம். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை இந்த ஏரி முழுக்கச் செவ்வல்லி பூக்கிறது. காலையில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். படகுக்காரர் எஞ்சினை நிறுத்தியதும் நாலு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் இளஞ்சிவப்பு. சங்கப் பாட்டில் ஆம்பல் என்று படித்ததெல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தது.

இந்த ஏரிக்கு ஒரு கதை உண்டு. அக்கா படகிலேயே சொன்னார். இங்கே ஒரு நகரம் இருந்தது. அரசன் மகள் நாங் ஐ பேரழகி. நாக இளவரசன் அவளைப் பார்க்க வெள்ளை அணிலாக உருமாறி வந்தான். அவள் அந்த அணில் வேண்டும் என்றாள். வேடன் அம்பெய்து கொன்றுவிட்டான். அதன் இறைச்சி குறையாமல் பெருகி ஊர் முழுக்கப் பங்கிடப்பட்டது. விதவைகளுக்கு மட்டும் பங்கு கொடுக்கவில்லை. அன்றிரவு நாகர் படை எழுந்து நகரத்தையே நீருக்குள் இழுத்துக்கொண்டது. இறைச்சி தின்னாத விதவைகளின் மேடு மட்டும் தீவாக மிஞ்சியது. ஏரிக்குள் அந்தத் தீவைக் காட்டுகிறார்கள்.

பங்கு மறுக்கப்பட்டவர்களே பிழைத்தார்கள் என்று ஒரு ஊர் தன் கதையை வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

திரும்பும் வழியெல்லாம் கரும்பு லாரிகள். ஆலைக்குப் போகும் பருவம் இது. அறுப்பதற்கு முன் தோகையைக் கொளுத்துவதால் சாம்பல் பறந்து வந்து துணியில் ஒட்டுகிறது. இந்தப் புகை பிப்ரவரி, மார்ச்சில் இன்னும் மோசமாகுமாம், நண்பருக்கு மூச்சிரைப்பு இருப்பதால் அந்த மாதங்களில் ஓர் அறையில் காற்று வடிகட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஓய்வுக்காலத்துக்கு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் டிசம்பர் மாதப் பூக்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

வீட்டில் தாய்லாந்துப் பச்சரிசியும் பனை வெல்லமும் வைத்துப் பொங்கல் வைத்தேன். வாசலில் கரும்பு நட்டோம், அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை. பாட்டி ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார்.

ஜனவரி 16, வெள்ளி. கிராமம்

காலை ஒலிபெருக்கியில் ஒரு சாவுச் செய்தி. மூன்றாவது வீட்டுப் பாட்டி நேற்றிரவு போய்விட்டார். வெள்ளிக்கிழமை எரிப்பதில்லை என்பது இங்குள்ள வழக்கம். தகனம் நாளை.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ஊர்ச் சுகாதாரத் தொண்டர் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்து பாட்டிக்கும் நண்பருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போனார். நாடு முழுக்க இப்படிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள். பாட்டிக்கு மருத்துவம் 2000களின் தொடக்கத்தில் வந்த, முப்பது பாத் திட்டம் என்று பெயர்பெற்ற அரசு மருத்துவத் திட்டத்தில். நண்பருக்கு அந்தத் திட்டம் இல்லை. அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். எழுபது வயதுக்கு மேல் காப்பீட்டுச் சந்தா எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. அதனால் விசாவுக்கென்று வங்கியில் கிடக்கும் தொகையையே மருத்துவத்துக்கும் நம்பியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இது ஒன்றுதான்.

பத்து மணிக்கெல்லாம் இறப்பு வீட்டில் ஊரே கூடிவிட்டது. பந்தல், நாற்காலிகள், பாத்திரங்கள் கோயிலிலிருந்து வந்தன. ஆண்கள் ஒரு பக்கம் இறைச்சி நறுக்க, பெண்கள் ஒரு பக்கம் பசையரிசி அவிக்க, யாரும் யாருக்கும் வேலை சொல்லவில்லை. ஊரில் ஈமச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஒரு சாவு விழுந்தால் உறுப்பினர் வீடுகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சிறு தொகை கொடுக்கும். அது மொத்தமாகச் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்குப் போகும். இறந்த வீட்டுக்குக் கடன் விழாது. நம் கிராமங்களிலும் இப்படி ஒன்று நிலைத்திருந்தால் எத்தனை குடும்பம் தப்பித்திருக்கும்.

நண்பருக்கு வேலை மின்விளக்கு. எந்த வீட்டு விசேஷமானாலும் கம்பி இழுத்து விளக்கு மாட்டுவது அவர் பொறுப்பு. ஏணியில் ஏற இப்போது முடிவதில்லை. கீழே நின்றபடி சொல்ல, பையன்கள் ஏறி மாட்டினார்கள். இரவு பிக்குகள் ஓதி முடித்தபோது முதல் வரிசையில் மற்றக் கிழவர்களோடு கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அவர்களில் பலர் அவரைப் போலவே எங்கிருந்தோ பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள்.

ஜனவரி 17, சனி. கோயில்

இறந்தவரின் பேரப்பிள்ளைகளில் இரண்டு பேர் காலையிலேயே தலைமழித்துக் காவி உடுத்திக்கொண்டார்கள். சிதைக்கு முன் ஒரே ஒரு நாள் துறவு, அந்தப் புண்ணியம் இறந்த பாட்டிக்கு. பெட்டியில் கட்டிய வெள்ளை நூலைப் பிக்குகள் பிடித்து முன்னே நடக்க, ஊர் பின்னே நடந்தது. தகன மேடையை இடமாக மூன்று முறை சுற்றினார்கள். முகத்தில் இளநீர் ஊற்றினார்கள். மெல்லிய மரச்சீவலில் செய்த பூக்களை ஒவ்வொருவராகப் படியேறி வைத்துவிட்டு இறங்கினோம்.

கோயில் மதிலோரமாகச் சின்னச் சின்னத் தூபிகள். உள்ளே எலும்பும் சாம்பலும், வெளியே பெயரும் படமும். தாய்லாந்து எழுத்துக்களுக்கு நடுவே ஒரு ஜெர்மன் பெயரையும் பார்த்தேன். நண்பர் தம் மாமனாரின் தூபியைக் காட்டினார். மாமியாருக்கும் அக்காவுக்கும் தமக்கும் அதிலேயே இடம் ஒதுக்கியிருப்பதைச் சாதாரணமாகச் சொன்னார். மாவட்ட அலுவலகத்தில் உயிலும் எழுதிவிட்டார்கள் இருவரும். வீடு அக்காவின் அக்கா மகளுக்கு. இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசிப் பெண்ணுக்குச் சேர வேண்டியது, அந்தத் தலைமுறையில் பொறுப்பை ஏற்க முன்வந்தவளுக்குப் போகிறது. அவள் உடோன் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். பாங்காக்கில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை வந்தும் போகவில்லை. அக்கா முதலில் போனாலும் நண்பர் அந்த வீட்டிலேயே இருப்பார், மேல் அறை அவருடையது என்று அவளே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

மாலை, கிளம்புவதற்கு முன், அக்கா என் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார். அப்புறம் பாட்டி கட்டினார். பயணம் போகிறவரின் உயிர்ச்சக்தி உடம்பிலேயே தங்க வேண்டும் என்று கட்டுவார்களாம்.

ஜனவரி 18, ஞாயிறு. ரயில்

நேற்றிரவு ரயிலடிக்கு அக்காவின் அக்கா மகள்தான் வண்டி ஓட்டி வந்தாள். நண்பர் இருட்டில் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தொண்ணூறு நாள் சீட்டை எடுத்து அவளிடம் தேதி சொன்னார். ஏப்ரல் நடுவில், சரியாகச் சொங்க்ரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டு விடுமுறைக்குள் விழுகிறது, அலுவலகம் மூடியிருக்கும். பதினைந்து நாள் முன்பே தெரிவிக்கலாம் என்பதால் முதல் வாரமே போய்விடலாம் என்றாள் அவள். எந்தக் கிழமை அவளுக்குக் காலை முறை இல்லை என்று பார்த்து, செவ்வாய் என்று முடிவு செய்தார்கள். அன்றைக்கே பாட்டியின் கண் மருத்துவரையும் பார்த்துவிடலாம், ஒரே பெட்ரோல் செலவு.

பாங்காக் வந்துவிட்டது. மதியம் சென்னை விமானம்.